மாவடு ஜாடிக்குள் போன மலைக்கல்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். நல்லதும் எழுதுகிறேன்; நாற்பது வருஷமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒன்றையும் எழுதுகிறேன். கடைசித் தங்கை என்ற சலுகையில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியிலேயே கண் மூடியவர் அக்கா. அப்பாவுக்கு மிளகுக் கிடங்கில் வேலை. அங்கே அடுக்கிய மூட்டைகளைவிட உயரமான எதையும் நாங்கள் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பாறைகளைப் பற்றிப் படிக்கக் கிளம்பியபோது உறவில் பலர் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அப்பா பேசாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

மலையைப் பற்றிப் பேசக் கிடைத்தால் அக்காவுக்குச் சாப்பாடு வேண்டாம். கூடத்தில் நாலைந்து ஜமக்காளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நான் என்று உட்காரவைத்துத் தள்ளச் சொல்வார். நடுவில் மடிந்து எழும்பும். கடலடியில் தட்டையாகப் படிந்த சேறு கல்லாக இறுகி, நிலம் நெருக்கியதில் இப்படித்தான் மடிந்து இமயமலையாக எழுந்தது என்பார். மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், நெருக்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியுமாம். அம்மாவுக்கோ ஜமக்காளம் கிழிந்துவிடுமோ என்று கவலை.

ஆராய்ச்சிக்காக இமயமலையிலிருந்து ஒரு கல் கொண்டுவந்தார். வெளுத்த சுண்ணாம்புக் கல், அதில் வளைந்து வளைந்து கறுப்பு வரிகள். பாறையிலிருந்து பெயர்க்கும் முன்பே, வடக்கு எது என்று காட்ட அதன்மேல் மையால் ஓர் அம்பு போட்டிருந்தார். அம்பு இல்லாவிட்டால் மடிப்பு எந்தத் திசையில் சாய்ந்திருந்தது என்று சொல்ல முடியாது.

அது மாவடுக் காலம். ஜாடியில் மாவடு மிதக்காமலிருக்க மேலே கனம் வைக்க வேண்டும். அக்கா கல்லை வீட்டில் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போயிருந்தார். நான் அந்தக் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி உள்ளே இறக்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், புளித்த உப்புநீர் சுண்ணாம்பை அரித்து, கறுப்பு வரிகள் மட்டும் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. அம்பைக் காணோம். மாவடுவும் கொழகொழத்துப் போயிருந்தது.

அக்கா திட்டவில்லை. தன் கவனக்குறைவால் கல் கெட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு மறுபடி மலைக்குக் கிளம்பினார். அவர் அங்கே இருந்த வாரத்தில் அப்பா போய்விட்டார். அக்கா வந்து சேர்ந்தது பதின்மூன்றாம் நாள். பெற்ற அப்பாவைவிடக் கல் பெரிதாகிவிட்டதா என்று அவர் காதுபடவே பேசினார்கள். பேசியவர்களில் சிலர் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அக்கா கல்லூரியில் பாடம் எடுத்தார், ஓய்வு பெற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் கல்லைக் குறை சொல்லாதீர்கள். அது அவருடைய இஷ்டம்.

கடைசி மாதத்தில் ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாக நீ பார்க்க முடியாமல் போனது என்னால்தான் என்று அழுதுவிட்டேன். அக்கா அலமாரியிலிருந்த கல்லை எடுத்துவரச் சொன்னார்.

"அப்பாவாக்கும் என்னைப் போகச் சொன்னா. நெஞ்சு வலிக்கறதுன்னு அப்பா எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தா. நான் போகலைன்னேன். கல்லை எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சுப் பாருன்னா. வெச்சேன்டீ. கறுப்பு வரியெல்லாம் பாறையோட வரியோட சேர்ந்துடுத்து. திருப்பிப் பாரு."

திருப்பினேன். அடியில் ஓர் அம்பு. இந்தத் தடவை உளியால் செதுக்கியிருந்தார். இத்தனை வருஷம் அந்தக் கல்லைத் தூசி தட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

டயாலிசிஸுக்கு அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய பள்ளுருத்தி ஆட்டோ சேட்டனுக்கும், காக்கநாட்டிலிருந்து வேலை முடிந்து ஓடிவந்த பழைய மாணவிகளுக்கும், எங்கள் தெருவுக்கும் குடும்பத்தாரின் நன்றி. கல்லை அக்காவின் படத்தடியில் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். திரும்ப வைக்கும்போது அம்பு வடக்கே இருக்கட்டும்.

ஜாடியில் கல்லைப் போட்டது நான். அக்காவை மலைக்கு அனுப்பியது அப்பா. இனி யாராவது இதை மாற்றிச் சொன்னால், எங்கள் வீட்டு மாவடு அவர்களுக்குக் கிடையாது.