தலையைச் சாய்த்துப் பார்க்கும் குடும்பம்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அப்டேட்டு' என்றால்தான் தெரியும். எதிரில் யார் வந்தாலும் நிறுத்தி, "புதுசு விட்டிருக்கேன், போட்டுப் பாருங்க" என்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். மெஷின் மக்கர் பண்ணினால் முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னும். அதற்கு அர்த்தம் தடித்தடியான கையேடுகளில் இருக்கும். கல்யாணமான புதிதில் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து அவருக்கு ஃபோன் போட்டு, "அந்த நீல அட்டை புக்கை எடுங்க, கடைசிப் பக்கம் பாருங்க" என்று உயிரை வாங்குவேன். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தனை கையேடுகளையும் செல்ஃபோனுக்குள் அடைத்து ஒரு செயலி செய்துவிட்டார். எண்ணைத் தட்டினால் என்ன பழுது, எந்த ஒயரைத் தொட வேண்டும் என்று படத்தோடு சொல்லும். எனக்காகச் செய்தது! பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை போல, பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டார்.

பழைய மேனேஜர் மட்டும் விடுவதாக இல்லை. "உன் சீட் அப்படியே இருக்கு, மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று கொக்கி போட்டுக்கொண்டே இருந்தார். அந்த சீட் கழிப்பறைக் கதவை ஒட்டி இருப்பது. இங்கே இருப்பதிலேயே பெரிய சர்வீஸ் சென்டர் தன் மெக்கானிக்குகளுக்கெல்லாம் செயலியை வாங்கிக்கொண்டால் இவர் தப்பித்தார். இல்லையென்றால் மறுபடி அந்தக் கதவுதான்.

சோதித்துப் பார்க்கிற பொறுப்பு எனக்கும் என் கொழுந்தனுக்கும். அவனும் மெக்கானிக்தான். "எப்படி இருக்கு?" என்று இவர் ஆசையாகக் கேட்பார். "அருமையா இருக்கு" என்போம். உண்மை என்னவென்றால், படம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஃபோனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் செயலி பொட்டென்று மூடிக்கொள்ளும். அதனால் நான் ஃபோனை நேராகப் பிடித்துக்கொண்டு என் தலையைச் சாய்த்துக்கொள்வேன். அழைப்பு வந்தாலும் மூடிக்கொள்ளும் என்பதால், கொழுந்தன் வேலை நேரத்தில் யாருக்கும் அகப்படாதபடி ஃபோனில் அழைப்புகளை முடக்கி வைத்தான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் கோபித்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இதெல்லாம் போய்ச் சொல்ல வேண்டிய கோளாறு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அதன் குணம் அப்படி, நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று இருந்தோம். மெஷின் மூடி சரியாக மூடவில்லையென்றால் அதன்மேல் செங்கல்லை வைத்து ஓட்டுகிற வாடிக்கையாளர்களை நான் திட்டாத திட்டா? நானே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நாங்கள் மூவரும் செயலியைக் காட்டப் போன அன்று, சர்வீஸ் சென்டர் முதலாளியம்மா தன் மெக்கானிக்குகளை வரிசையாக உட்காரவைத்து, ஃபோனைக் கையில் வாங்கினார். "படம் சின்னதா இருக்கே" என்று திருப்பினார். பொட்டு. இவர் முகம் வெளுத்துவிட்டது. திரும்பத் திறந்து கொடுத்தார். அந்தம்மா மறுபடி திருப்பினார். மறுபடி பொட்டு.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று கொழுந்தன் எழுந்தான். "மேடம், ஃபோனைத் திருப்பக் கூடாது. தலையைத்தான் சாய்க்கணும். அண்ணி, காட்டுங்க."

நானும் காட்டித் தொலைத்தேன். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி பண்ணி, அடுத்த வாரம் கொண்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கண்ணு முழிச்சு வேலை பார்க்கிறீங்க. பாவமா இருந்துச்சு."

"பாவம் பார்த்தே என்னைக் கவுத்துட்டீங்களே!" என்று கத்தியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மேல கொஞ்சம்கூடப் பாவம் பார்க்காத ஆள் யாராவது இருக்காங்களா?" என்றார்.

என் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

அம்மா அன்றே பெட்டியோடு வந்து இறங்கினாள். "மாப்பிள்ளை, நெஜமாவே குறை சொல்லலாமா? அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த வாய் அல்லவா! எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. ஓர் எழுத்து மாறினால் தேடவே மாட்டேங்குது. கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் கையை விரிக்குது. இவர் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். எழுத்து பெரிதானது; செயலி எழுத்துப் பிழையை மன்னித்தது, சிக்னல் இல்லாமலும் ஓடியது. திருப்பினால் திரும்பியது. "அத்தை, இன்னும்?" என்று இவர் கேட்க, அம்மா தோசை திருப்புகிற கரண்டியோடு வந்து அடுத்ததைச் சொல்ல, வீடே கலகலவென்று இருந்தது.

சர்வீஸ் சென்டருக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில், "அத்தை, இன்னும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நல்லாத்தான் இருக்கு."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை, மறைக்காம சொல்லுங்க."

அம்மா நெளிந்தாள். "அது ஒண்ணும் பெருசில்ல. திறந்ததும் முதல் தடவை தேடினா வெறும் வெள்ளையா வரும். ரெண்டாவது தடவை வந்துடுது. பிள்ளை இளைச்சுப் போயிட்டீங்க, விடுங்கன்னு இருந்தேன்."

சாப்பிடாமல் உட்கார்ந்து அதைச் சரி செய்துவிட்டுத்தான் கிளம்பினார். முதலாளியம்மா திறந்து தேடினார், முதல் தடவையே வந்தது. திருப்பினார், படம் விரிந்தது. நடுவில் ஓர் அழைப்பு வந்தது. யாரையோ நன்றாக விளாசிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். செயலி விட்ட இடத்திலேயே நின்றது. "எல்லார் ஃபோன்லயும் ஏத்திடுங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததுமே இவர் பழைய மேனேஜருக்கு ஃபோன் போட்டு, "சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பேருந்துக்கு நடக்கும்போது மட்டும் ஒரு மாதிரியாக வந்தார்.

"அத்தை இனிமே டெஸ்ட்டுக்கு ஆக மாட்டாங்க."

"ஏன், என்ன பண்ணாங்க?"

"அவங்களுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து என்ன ஆயிற்று என்றுதான் பார்த்துவிட்டேனே. "அப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, வீடு வந்து சேர்கிறவரை வாயை மூடவில்லை. சொன்னதில் செயலியைப் பற்றி இரண்டோ மூன்றோ இருக்கும். மற்றதெல்லாம் அவரைப் பற்றி.