ஒரு நாள் முந்திப் பொரிந்த குஞ்சுகள்

ஆரணிக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய மீன்பண்ணையில் நான் உதவியாளராகச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதம். சாதாக்கெண்டை பாசியில் முட்டையிடும். முட்டை ஒட்டிய பாசியை, குளத்துக்குள் கட்டிய துணித்தொட்டிக்கு மாற்றுவோம். அதற்கு ‘ஹாப்பா’ என்று பெயர். மறுநாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். கண்கள். முழங்கால் நீரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவையும் என்னைப் பார்ப்பது போலிருக்கும். கரையில் யாரோ கூப்பிடும் குரல் எங்கோ தொலைவில் கேட்கும்.

சித்திரையில் ஒரு தொகுதி, மூன்றாம் நாள் பொரிய வேண்டியது, இரண்டாம் நாளே பொரிந்தது. பண்ணைப் பொறுப்பிலிருந்த மீன்வளத்துறை இன்ஸ்பெக்டருக்கு மகிழ்ச்சி. சில நாளில் பார்த்தால், பாதிக் குஞ்சுகள் முதுகு வளைந்து, ஒரே இடத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

பட்டுநூலுக்குச் சாயம் போடும் தனகோட்டி, பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு குட்டையைக் குத்தகை எடுத்துக் குஞ்சு வாங்க வந்திருந்தார். அந்தத் தொகுதியையே கொடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்; குட்டைக்குப் போனால் நிமிர்ந்துவிடுமாம். எனக்குக் கை வரவில்லை. தனகோட்டியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நடுப்பகல் வெயிலில் ஹாப்பாவுக்குள் கையை விட்டார்.

“தண்ணி கொதிச்சிகினு கீது சார். இதுலயா முட்டைய வச்சீங்க?”

காலையும் மாலையும்தான் நாங்கள் தெர்மாமீட்டர் வைப்போம். அப்போது வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து டிகிரி; காலையில் இருபத்தெட்டுதான் இருந்தது.

“சாயத்துலயும் எடுத்தவொடனே சூடு ஏறிட்டா நூலு திட்டுத்திட்டா புடிச்சிக்கும். அப்பால எவ்ளோ அலசினாலும் சரியாவாதுங்க” என்றார். அடுத்த தொகுதி வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“குஞ்சு டார்கெட்டுக்கு யாருப்பா பதில் சொல்றது?” என்று இன்ஸ்பெக்டர் கடிந்துகொண்டார். ஆனாலும் சோதித்துப் பார்க்க விட்டார். ஒரு ஹாப்பாவுக்குப் பனையோலைப் பந்தல் போட்டு, கிணற்றுநீரை மெல்ல விட்டேன். இன்னொன்றை வெயிலில் விட்டேன்.

வெயிலில் இருந்தது மறுபடி முந்திக்கொண்டது. மறுபடி வளைந்த குஞ்சுகள். நிழலில் இருந்தவை மூன்றாம் நாள் காலையிலும் அசையவில்லை. செத்துவிட்டனவோ என்று பயந்து சாப்பிடாமல் நின்றேன். பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண்ணாடித் துண்டுகள் போல, நேராக. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, எல்லா ஹாப்பாவுக்கும் பந்தல் போடச் சொன்னார். தனகோட்டி அந்தக் குஞ்சுகளைத்தான் எடுத்துப்போனார்.

வளைந்தவற்றில் பிழைத்த சிலதைத் தனித்தொட்டியில் வளர்த்தேன். கார்த்திகை மழையில் நீர் சில்லென்று ஆனது. அப்போதும் அவை நிமிரவே இல்லை. முட்டைக்குள் பட்ட இரண்டு நாள் சூடு, மீனோடு கடைசிவரை போகிறது. பிறகு வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: உச்சிவெயிலில் தண்ணீர் எத்தனை டிகிரி?