குடைக்கம்பியில் கட்டிய மைக்

என் மனைவி குவைத்திலிருந்து அனுப்பிய வீடியோ கெமரா உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதுதான் அதன் குற்றம். வத்தேகமயில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங்க, சோப்புப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க? வீடியோக்காரரு எங்க?" என்று கேட்டார். நான்தான் வீடியோக்காரன் என்றேன். அங்கே நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். வாயைத் திறந்தால் கல்யாணம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். பந்தியில் உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கண்டி டவுனில் உள்ள பெரிய ஸ்டூடியோக்காரர்கள் தோளில் வைக்கும் கெமராவோடு வருவார்கள். அவர்களைக் கண்டால் கூட்டம் தானாக விலகும். ஐயர்கூட மந்திரத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் பார்ப்பார். என் கெமராவில் விழுந்ததெல்லாம் முதுகுகள்தான். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். வீடியோக்காரனுக்கு ஆள் கால், கெமரா முக்கால்.

சரி, உங்களுக்குத் தோளில்தானே வேண்டும், வைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஒரு நீளப் பெட்டி செய்தேன். சின்னக் கெமராவை அப்படியே தோளில் வைக்க முடியாது. பார்க்கிற துவாரம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது; தோளில் வைத்தால் கண் முதுகில் இருக்க வேண்டும். அதனால் கெமராவை முகத்துக்கு முன்னால் பலகை நுனியில் பூட்டி, தோளுக்கும் அதற்குப் பின்னாலும் வெறும் பெட்டி வருகிற மாதிரி செய்தேன். முன்பாரம் இழுக்காமல் இருக்க, பெட்டியின் கடைசியில் தராசுப் படிக்கல் ஒன்று. தோளுக்குப் பழைய பஸ் சீட்டின் ஸ்பொஞ்ச். கைப்பிடிக்கு சைக்கிள் ஹேண்டில் ரப்பர். லென்சுக்கு முன்னால் டின்பால் டின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டி மாட்டினேன். எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்று பயந்தேன். இல்லை, பிள்ளையாரே வந்துவிட்டார்.

அடுத்த கல்யாணத்தில் கூட்டம் விலகியது. "ஜப்பான் சாமானா?" என்று ஒருவர் கேட்டார். "ம்" என்றேன். பெட்டிக்குள் என் சோற்றுப் பார்சலும் மடக்குக் குடையும் இருந்தன.

ஆனால் தோளில் கறுப்பாக ஒரு நீளச் சாமானை வைத்துக்கொண்டு தமிழன் ஒருவன் பாலத்தில் நடந்து வருகிற காலமா அது? கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் தூரத்திலேயே துவக்கை நீட்டிவிட்டான். "மே மொகக்த?" என்று சிங்களத்தில் கத்தினான். இது என்ன என்று கேட்கிறான். கீழே வைக்கச் சொன்னான், திறக்கச் சொன்னான். உள்ளே வாழையிலைப் பார்சல். அவிழ்த்துப் பார்த்தான்: சோறு, பருப்பு, ஒரு கருவாட்டுத் துண்டு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எங்கே எது வெடித்தாலும் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளை அள்ளிக்கொண்டு போவார்கள். சிலர் வருவார்கள், சிலரைப் பற்றிப் பேச்சே இருக்காது. அதற்குப் பிறகு பெட்டியைக் கழற்றி, உரப்பையில் தனித்தனியாகப் போட்டுக்கொண்டுதான் பாலத்தைக் கடப்பேன்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பிள்ளை குட்டி இல்லை. மனைவி வீட்டு வேலைக்கு குவைத் போனது, அவள் தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கவும் எங்களுக்கென்று ஒரு கூரை போடவும். பெண்டாட்டியை அனுப்பிவிட்டு உட்கார்ந்து தின்கிறான் என்று ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும். எனக்கு அந்தப் பேச்சைவிட, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடுவதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும்.

அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடிதத்துக்குப் பதில் நாங்கள் கசட்டில் பேசி அனுப்புவோம். அவள் அங்கே பேசுவாள், லீவில் வருகிற யாராவது கொண்டுவருவார்கள். நான் பன்விலத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவள் வீட்டார் எல்லாரையும் கசட் ரேடியோவைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் பேசவைத்துத் திருப்பி அனுப்புவேன். அவள் போன முதல் வருசமே அவளுடைய அப்பா இறந்துபோனார். வெளிநாட்டில் இருப்பவளுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை, இது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். சொன்னால் வரவும் விடமாட்டார்கள், வாய்விட்டு அழ அவளுக்கு ஓர் இடமும் கிடையாது. அதனால் கசட்டில் மாமியார், "அப்பா மலைக்குப் போயிருக்காரு" என்றார். அடுத்த கசட்டில், "அப்பா தூங்குறாரு." அதற்கு அவளிடமிருந்து வந்த கசட்டில் நலம் விசாரிப்பே இல்லை. எடுத்த எடுப்பில், "அப்பாவுக்கு கருமாதி ஒழுங்கா செஞ்சீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கெமரா வந்தது. "எல்லாரையும் எடுத்து அனுப்புங்க. மொகம் மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லியனுப்பியிருந்தாள். எனக்கும் நிம்மதி. மற்றவர்கள் கூட்டமாகப் பேசிவிடுவார்கள். நான் மட்டும் அறையில் தனியாக உட்கார்ந்து ரேடியோவைப் பார்த்துப் பேச வேண்டும். சாப்பிட்டேன், மழை பெய்தது, பஸ் பிந்தியது. இதற்குமேல் என்ன சொல்ல? நீ இல்லாமல் இருக்க முடியவில்லை என்று ரேடியோவிடமா சொல்வது? வீடியோவே போகிறது, அதில் எல்லாம்தானே இருக்கிறது என்று பேசும் கசட்டை நிறுத்திவிட்டேன்.

தோட்டத்துக் கோயில் திருவிழா, கொழுந்தியாளுக்கு நிச்சயம் செய்தது, கோடைக்கு மாரியம்மனுக்குக் கரகம் எடுத்தது என்று எல்லாவற்றையும் தோளில் பெட்டியோடு எடுத்து, டவுனில் பெரிய வீடியோ கசட்டுக்கு மாற்றி அனுப்பினேன். அவள் வேலை செய்த வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கும் டெக் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் மகள் கல்யாணம். மகன் வெளிநாட்டில், வர முடியாது. அவனுக்கு அனுப்பத்தான் வீடியோ. போட்டுப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, படம் நல்லா வந்திருக்கு. ஆனா ஆரோ மூச்சிழுக்கிற சத்தம் முழுக்கக் கேக்குது. ஆஸ்பத்திரி வார்டில கலியாணம் நடந்த மாதிரிக் கிடக்கு."

"அப்படியாங்க ஐயா?"

"ஓம். தாலி கட்டேக்க ஒரு குரல், 'தள்ளி நில்லுடா தடியா' எண்டு சொல்லுது. அது எங்கட பெரியப்பாவை."

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. கெமராவின் மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. பாரத்தைச் சுமந்துகொண்டு நான் விடும் மூச்சு, இருமல், குறுக்கே நிற்பவர்களை வாய்க்குள்ளேயே திட்டுவது எல்லாம் விழுந்திருக்கிறது. கையில் வைத்து எடுத்த காலத்தில் இந்த வில்லங்கம் இருக்கவில்லை.

தனி மைக் ஒன்று வாங்கினேன். உடைந்த குடையின் கம்பியைப் பெட்டியின் முன்னால் பூட்டி, அதன் நுனியில் மைக்கைக் கட்டி, ஸ்பொஞ்ச் சுற்றினேன். போட்டுப் பார்த்தால் நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. என் மூச்சு சுத்தமாக இல்லை.

அந்த மைக்கோடு எடுத்த முதல் கல்யாணம் கொழுந்தியாளுடையது. அக்காக்காரி வர முடியாத கல்யாணம். ஒரு சின்ன விசயமும் விட்டுப்போகக்கூடாது என்று விடிந்ததிலிருந்து பெட்டியைத் தோளைவிட்டு இறக்கவில்லை. குடும்பத்தோடு படம் எடுக்க மணவறையில் கூப்பிட்டார்கள்; நான் போய் நின்றால் யார் எடுப்பது? மாமியார் என்னிடம் நேருக்கு நேர் பேச மாட்டார், மருமகன் என்ற மரியாதை. கெமரா பக்கம் திரும்பினாலும் முந்தானையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். அன்றைக்கு ஒருவரும் என்னை முறை சொல்லிக் கூப்பிடவில்லை. வீடியோக்காரனை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் வேலை அருமையாக வந்திருந்தது. இதைப் பார்த்தால் அவள் பூரித்துப்போவாள் என்று நினைத்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போய்க்கொண்டே இருந்தது. லீவில் வந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன்; தெரியாது என்றார்கள். சிலர் தெரியாது என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் ஏதாவது குறையா? என்மேல் கோபமா? இல்லை, அவளுக்கே ஏதாவது ஆகி எங்கள் சட்டத்தை எங்களுக்கே காட்டுகிறார்களா? கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் கெமராத் துவாரத்துக்குள் எல்லாம் கலங்கித் தெரியும். துடைத்தால் கண்ணாடியில் ஒன்றும் இருக்காது. அவள் இல்லாமல்போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது, இந்தப் பலகைப் பெட்டியா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வத்தேகமப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கையில் ரேடியோவோடு. என் மனைவி வேலை செய்யும் வீட்டுக்குக் கீழ்மாடியில் வேலை செய்கிறவள், லீவில் வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்கிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். "தொட்டுப் பாத்துட்டு வரச் சொன்னா."

"யாரு? அவ நல்லா இருக்காளா?"

"அவ இருக்கா. நீங்கதான் இல்லன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து அவள் சொன்னாள். "அவ எங்கண்ணே படம் பாத்தா? டீவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு அயன் பண்ணிக்கிட்டே இருப்பா. காதுதான் அங்க இருக்கும். 'இந்தா கோயில் படி ஏறுறாரு, மூச்சு வாங்குது பாரு'ம்பா. நீங்க யாரையாச்சும் வஞ்சா ஒத்தையில சிரிப்பா. இருமுனா, 'இந்த மனுசன் இன்னும் சிகரட்ட விடல'ம்பா. தங்கச்சி கல்யாணத்துக் கசட்டு வந்துச்சில்ல? அன்னிக்கும் போட்டா. கொஞ்ச நேரத்துல அயனக் கீழ வச்சிட்டுத் திரும்பிப் பாத்தா. அன்னிக்குத்தான் மொதமொறயா படத்தப் பாத்தா. ஒங்க மூச்சு இல்ல. நீங்களும் இல்ல. ஒங்களப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்த பேசல. 'இத வேற யாரோ எடுத்திருக்காங்க. அவரப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பாவ மறைச்ச மாதிரி மறைக்கிறாங்க'ன்னு அழுதா பாருங்க, எங்களால தேத்த முடியல."

"யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா நீங்கள்லாம்?"

மூலையில் பெட்டி கிடந்தது, குடைக்கம்பி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்டி விளக்க வாயெடுத்தேன். என்னத்தை விளக்குவது?

அவள் ரேடியோவை என் முன்னால் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். "பேசுங்கண்ணே."

கசட் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேச்சு வந்தது. "அடியே கிறுக்கச்சி, நான் சாகலடி! கல்லு மாதிரி இருக்கேன். மைக்க மாத்தினா மனுசன் செத்துருவானா?" என்று ஆரம்பித்து, அவளை, அவள் எஜமானியை, குடைக்கம்பியை, பெரியப்பாவை என்று எல்லாரையும் திட்டினேன். திட்டிக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன். "தனியா இருக்க முடியலடி. எப்ப வருவ?" என்றேன். வந்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவியின் பதில் கசட் என் கையில் கிடைத்த மறுநாள் ஊரடங்குச் சட்டம். பட்டப்பகலில் கடைவீதி வெறிச்சோடிக் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன்.

"என்னங்க, ஒங்க வசவு கேட்டேன். இப்பதான் சோறு எறங்குது" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இந்த வீட்டம்மா இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொன்னாங்க. நீங்க இல்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க வந்து யாரப் பாக்கப் போறேன்னு போட்டுட்டேங்க" என்றாள்.

நான் எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் பேச ஒண்ணுமில்ல. அயன் பண்ணிக்கிட்டு இருக்கேன். ரேடியோவப் பக்கத்துல வச்சிக்கிறேன்."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. துணியில் அயன் போய் வருகிற சத்தம். தண்ணீர் தெளிக்கும் சத்தம். மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது அவள் விடுகிற மூச்சு. ஒரு தும்மல். ரேடியோவை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். கசட்டின் அந்தப் பக்கம் முழுக்க அதுதான். முடியப்போகிற நேரத்தில், ரேடியோவுக்கு மிகவும் கிட்டத்தில் வந்து, "கேக்குதாங்க?" என்றாள். பொத்தான் டக்கென்று மேலே வந்தது.

"கேக்குதுடி" என்றேன், அந்த வெறும் அறைக்கு.