என் துப்பாக்கிக்கு மட்டும் என்ன கேடு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்துக் கணேசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வட்டத்துக்குள் ஒன்பது குண்டு போட்டார்... அவ்வளவுதான்.

பல்லேபொலவில் எங்கள் பக்கம் இப்போது காட்டுப்பன்றிகளின் ராஜ்ஜியம். என் மரவள்ளியில் பாதியைக் கிளறித் தின்றாகிவிட்டது. மீதியையாவது காப்பாற்ற வேண்டாமா? பயிர்க் காவலுக்கென்று எங்கள் இருவரிடமும் அனுமதி பெற்ற துப்பாக்கி உண்டு. ஒரே ரகம், ஒற்றைக் குழல். எந்தத் தோட்டா எப்படிச் சிதறுகிறது என்று பார்க்க, அறுவடை முடிந்த வயலில் இறங்கினோம்.

மண்மேட்டில் ஒரு பத்திரிகைத் தாள். அதில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் போட்டோம். முப்பது தப்படி தள்ளி நின்றோம். ஒரு தோட்டாவுக்குள் ஒன்பது குண்டு.

கணேசன் சுட்டார். ஒன்பதும் வட்டத்துக்குள்.

நான் சுட்டேன். இரண்டு.

"தோட்டா சரியில்ல" என்றேன். சிவப்புத் தோட்டாவை விட்டுப் பச்சையைப் போட்டேன். ஒன்று! அவரும் பச்சையைப் போட்டார் — எட்டு. மனிதருக்குக் கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா?

வயல் வரம்பில் நின்ற என் மனைவி, "கணேசன் தம்பி கை என்னா நிதானம் பாருங்க" என்றாள். முப்பது வருடத்தில் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததுண்டா? பொறாமையா என்று கேட்கிறீர்கள். ஆமாம், பொறாமைதான்.

"தம்பி, துப்பாக்கிய மாத்திக்குவோம்" என்றேன். அவருடையதை வாங்கிச் சுட்டேன். ஒன்பது! துள்ளிக் குதித்தேன்.

"நல்ல துப்பாக்கிங்க அது" என்றாள் மனைவி.

கணேசன் என் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலின் முனையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல சோக்கையே காணோமே! முனைய வெட்டுனீங்களா?"

"ஆமா. துருப்புடிச்சு அசிங்கமா இருந்திச்சு. பட்டறையில குடுத்து ரெண்டு அங்குலம் வெட்டி, பாலிஷ் போட்டேன். பாக்க சோக்கா இருக்கட்டுமேன்னு..."

"சோக்கா இருக்கணும்னு சோக்கையே வெட்டிட்டீங்களே அண்ணே!"

சோக் என்பது குழலின் வாய்ப்பக்கம் உள்ளே லேசாகக் குறுகியிருக்கும் இடமாம். குண்டுகளைச் சிதறவிடாமல் சேர்த்து அனுப்புவது அதுதானாம். அதைத்தான் நானே பக்கத்தில் நின்று, வேலை வாங்கி, வெட்டிப் போட்டிருக்கிறேன். வரம்பில் என் மனைவி சிரித்த சிரிப்பு ரிவர்ஸ்டன் மலை வரை கேட்டிருக்கும்.

அப்புறம் என்ன? என் மரவள்ளிக்கும் கணேசனே காவல். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரே வெடி... பெரிய பன்றி. பாதி இறைச்சியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், சிரித்த முகத்தோடு. மனைவி மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

வயிறு நிறைந்துவிட்டது. வயிற்றெரிச்சல்தான் போகவில்லை.