பூட்டக் கூடாத வண்டி

சங்கிலியை முன்சக்கரத்துக்குள் விட்டு, தூணைச் சுற்றி இழுத்து, பூட்டை அமுக்கிய பிறகும் ஊசியக்கா எழுந்திருக்க மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே பூட்டைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். அப்புறம் சங்கிலியை. அப்புறமும் மனசு ஆறாமல், தூணையே ஒருமுறை உலுக்கிப் பார்ப்பார். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த வந்தவர் யாராவது அதைக் கண்டு சிரித்துவிட்டால் போச்சு.

"சிரிங்க, நல்லா சிரிங்க. உங்களுது போயிருந்தா தெரியும் வலி."

பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஊசியக்கா என்ற பெயர் அடுக்ககத்துக் குழந்தைகள் வைத்தது. அவர் லிஃப்டில் இருந்தால் ஏறாமல் படியில் ஓடுகிற வாண்டுகள் இன்றும் உண்டு. பெரியவர்களோ அவர் வந்துதான் எடுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். குத்தியதே தெரியாது.

ரகசியம் ஒன்றுமில்லை, பேச்சுதான். கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும், "உங்க வண்டிய எங்க நிறுத்தறீங்க?" என்று ஆரம்பிப்பார். வாசலில்தான் என்று நோயாளி சொன்னால், "வாசல்லயா? பூட்டு போட்டா, போடாமலா?" என்று கண்ணை உருட்டுவார். நோயாளி பதறி எட்டிப் பார்ப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

வண்டி என்றால் ஸ்கூட்டர் இல்லை. கியர் போட்டு ஓட்டுகிற மோட்டார் சைக்கிள். அதை அவர் பராமரிக்கும் விதம் விசித்திரமானது. எஞ்சினையும் செயினையும் துணி கொண்டு கண்ணாடி போலத் துடைத்து வைப்பார். மட்கார்டில் அப்பியிருக்கும் சேற்றை மட்டும் தொட மாட்டார். சீட்டு உறை புதுசாக வாங்கி, தானே பிளேடால் கிழித்து, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். "பளபளன்னு வச்சா வா, வந்து எடுத்துக்கோன்னு கூப்பிடற மாதிரி. பாக்கறவனுக்கு இத எடுத்து என்ன பண்றதுன்னு தோணணும்." கொஞ்ச நாள் அலாரம் கூட மாட்டியிருந்தார். பூனை உரசினால்கூட அது ஊரைக் கூட்டியது. தூக்கம் கெடுகிறது என்று அசோசியேஷன் கழற்றச் சொல்லிவிட்டது. திருடனைப் பற்றி அவர்களுக்கு ஏன் தூக்கம் கெடவில்லை என்பது அக்காவின் கேள்வி.

இவ்வளவு பாடும் முதல் வண்டியைப் பறிகொடுத்த பிறகு வந்தது. அது பறிபோன கதையைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

அந்தக் கீழ்த்தளத்தில் கோடு போட்ட இடமெல்லாம் கார்களுக்கு. இருசக்கர வண்டிகள் கார்களின் முதுகுக்குப் பின்னால் இண்டு இடுக்கில் ஒண்டிக்கொள்ள வேண்டும். கார்க்காரர் வெளியே எடுக்க வேண்டுமென்றால் குறுக்கே நிற்கும் பைக்கை நகர்த்த வேண்டும். அவர்களுக்குச் சிரமம் கூடாதல்லவா? அதனால் பைக் வைத்திருப்பவர்கள் ஹேண்டிலைப் பூட்டக் கூடாது என்று அசோசியேஷன் சுவரில் போர்டு மாட்டியது. எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள். அக்காவும் கேட்டார். நாளடைவில் எவர் வண்டியை எவரும் தள்ளலாம், ஏன் என்று கேட்பார் இல்லை என்று ஆகிவிட்டது.

காலை வேலை முடிந்து அக்கா அயர்ந்து தூங்கிய ஒரு பிற்பகலில், முன்பின் தெரியாத ஒருவன் நிதானமாக உள்ளே வந்தான். அக்காவின் வண்டியை உருட்டிக்கொண்டு சரிவுப் பாதை வரை போனான். மேடு ஏறவில்லை. வாசல் செக்யூரிட்டியைக் கைகாட்டிக் கூப்பிட்டான். அவரும் ஓடி வந்தார்.

"ஸ்டார்ட் ஆகலண்ணேன்னு சொன்னான். நான்தாம்மா பின்னாடி பிடிச்சுத் தள்ளிவிட்டேன். எனக்கே மூச்சு வாங்கிருச்சு. நல்ல பையன் மாதிரி இருந்தான்மா, தேங்க்ஸ் எல்லாம் சொன்னான்" என்றார் செக்யூரிட்டி, பிற்பாடு, பாவமாக.

அவரைத் திட்ட அக்காவுக்கு வாய் வரவில்லை. கார்களுக்கு வழிவிட பைக்குகளைத் தள்ளுவதுதான் நாள் முழுக்க அந்தச் செக்யூரிட்டி செய்கிற வேலையே. அன்றைக்கும் அதைத்தான் செய்தார். கேமரா இருந்தது. ஆனால் அது அசோசியேஷன் செகரட்டரியின் காரைப் பார்த்து நின்றது. காரின் பளபளக்கும் முகப்பு முழுசாகத் தெரிந்த அந்தப் படத்தில், ஓர் ஓரமாகத் திருடனின் முழங்கை மட்டும் வந்து போனது.

செகரட்டரி ஓய்வுபெற்ற அதிகாரி, மென்மையாகப் பேசுபவர். "வாகனங்கள் அவரவர் பொறுப்புன்னு போர்டே வச்சிருக்கோமே, சிஸ்டர்" என்று கையை விரித்தார்.

"பூட்டாதேன்னு ஒரு போர்டு. தொலைஞ்சா உன் பொறுப்புன்னு பக்கத்துலயே இன்னொரு போர்டு. ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தானே சார்?"

அவர் மென்மையாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வயிற்றில் அடித்துவிட்டு மென்மையாகப் பேசுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

வண்டி இல்லாமல் அக்கா குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு காத்திருந்து, இவர் போய்ச் சேருவதற்குள் மயங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் பரிசோதனைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள், இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக. ஆகவே இந்த இரண்டாவது வண்டியும் போனால் அதோடு வேலையும் போகும். தூணை உலுக்குவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அந்தச் சங்கிலிக்கும் ஆபத்து வந்தது. தூணின் பெயின்ட் உரிகிறதாம்; வண்டியை நகர்த்த முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், சங்கிலியைக் கழற்றாவிட்டால் ஆள் வைத்து வெட்டுவோம் என்று செகரட்டரி அதே மென்மையான குரலில் அறிவித்தார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர் பரம சாது. மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வண்டியத் தள்ளிட்டுப் போனப்பதான் ஒருத்தரும் பாக்கல."

கூட்டத்தில் சலசலப்பு. பைக் வைத்திருக்கும் நாலைந்து பேர் பின்வரிசையில் இருந்து "அதானே!" என்றார்கள். செகரட்டரி இருமினார். சமாதானமாக ஒரு வழி சொன்னார்.

"சரி சிஸ்டர், கோவப்படாதீங்க. நீங்க சங்கிலி போட்டுக்கோங்க. மாத்துச் சாவிய மட்டும் செக்யூரிட்டி ரூம்ல ஆணியில மாட்டிருங்க. யாருக்கு நகர்த்தணுமோ அவங்க எடுத்துக்கட்டும். நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரிதானே? இதுல நம்பிக்கை வேணாமா?"

முன்வரிசை கைதட்டியது. கணவர் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. "ரொம்ப நியாயமாத்தான் சொல்றாரு" என்று எழப் போன அவரை அக்கா தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேசையருகே போனார். ஆச்சரியம், குரலில் சூடே இல்லை. ரத்தம் எடுக்கிற வீட்டில் பேசுவாரே, அந்தக் குரல்.

"நல்ல யோசனை சார். இன்னைக்கே மாட்டிடறேன். காலைல நான் கெளம்பறப்ப உங்க கார்தான் பாதி நாள் எனக்குக் குறுக்க நிக்குது. கதவத் தட்டி எழுப்பினா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் நேரமாயிடுது. அதனால உங்க கார் சாவியும் அதே ஆணியில தொங்கட்டும். யாருக்கு நகர்த்தணுமோ அவங்க எடுத்துக்கட்டும். குடுங்க, நானே சேர்த்து மாட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"கார் வேற விஷயம் சிஸ்டர்..." என்று செகரட்டரி சிரிக்கப் பார்த்தார்.

"எப்படி வேற?"

யாரும் உதவிக்கு வரவில்லை. முன்வரிசையில் தட்டிய கைகள் மடியில் கிடந்தன. செகரட்டரியின் வலது கை, அவருக்கே தெரியாமல், மெல்ல இறங்கிப் போய்க் கால்சட்டைப் பையை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் அந்தக் கையையே பார்த்தது. ஊசியக்காவும் பார்த்தார். நீட்டிய தன் கையை அவர் மடக்கவே இல்லை.