இரண்டு காலால் ஓட்டுகிறவர்

மில் தெரு முனையில் வெண்டல் கோவாக் இடது காலால் பிரேக்கை மிதித்து, வலது காலால் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டு நின்றார். வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. பின்னால் நின்ற பெண் பொறுமை இழந்து ஹாரன் அடித்தாள். "அடிம்மா, நல்லா அடி. உன் வண்டியில ஹாரனாவது ஒழுங்கா வேலை செய்யுதே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எதிரே யாரும் வரவில்லை என்று மூன்று தரம் பார்த்தபின் இடது பக்கம் திருப்பினார். திருப்பி முடித்த பிறகும் இரண்டு பாதங்களும் அதனதன் இடத்திலேயே இருந்தன.

கிளட்ச் இல்லாத வண்டி அது. இருப்பது இரண்டே பெடல், அதற்கு ஒரு கால் போதும். ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மிச்சிகனில் இந்த ஹார்ட்வெல்லில் மட்டும், பழைய கார் தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் இரண்டு காலால் ஓட்டுவார்கள். அதனால் அவர்கள் வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு அணைவதே கிடையாது. வெளியூர்க்காரனுக்கு இது கிறுக்குத்தனம். ஏன் இப்படி என்று கேட்டால், "பழக்கம்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

வெண்டலுக்கு எழுபத்தாறு வயது. கோடையிலும் கழற்றாத நீலச் சட்டை, நெஞ்சில் கொக்குப் படம். ஸ்டான்மோர் காரின் சின்னம் அந்தக் கொக்கு. காரையே இந்த ஊரில் கொக்கு என்றுதான் சொல்வார்கள். கதவு பொருத்தும் வரிசையில் முப்பது வருஷம் நின்றவர் அவர். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் அந்த வீட்டுக் கதவை ஒரு தரம் திறந்து மூடிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் முகம் சுருங்கும். காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்காமல் குடிப்பார், அடியில் தங்கியதைக் கடைசியில் விரலால் வழித்துச் சாப்பிடுவார்.

கொக்கின் வரலாற்றை அவர் வாயால் கேட்கவேண்டும். "குதிரை வண்டிக்குச் சக்கரம் பண்ணிட்டிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒருத்தன் கணக்குல புலி, ஒருத்தன் குடியில புலி. எஞ்சினைப் பண்ணினவன் குடிகாரன்தான்!" என்று ஆரம்பிப்பார். "எங்கப்பன் காலத்துல டாக்டரும் ஜட்ஜும்தான் கொக்கு வச்சிருப்பாங்க. பொணத்தைக்கூட கொக்குலதான் ஏத்திட்டுப் போவாங்க. செத்தும் கௌரவம் பாத்த காலம்." பிறகு பெரிய கம்பெனி ஒன்று ஸ்டான்மோரை விழுங்கியது. அந்த இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். "கோட்டு போட்டவனுங்க வந்தானுங்க. இன்னொரு வண்டிய எடுத்து எங்க கொக்குச் சின்னத்தை ஒட்டி வித்தானுங்க. மாட்டுக்குக் குதிரைன்னு பேர் வச்சா ஓடிடுமா?" அதோடு நிறுத்திவிடுவார். தொழிற்சாலையை மூடியதையும், கொஞ்ச நாளில் கொக்கு என்ற பேரே உலகத்தில் இல்லாமல் போனதையும் அவர் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அதே தொழிற்சாலையில் நின்றவர்கள்தானே.

சனிக்கிழமை காலையில் டாட்டி உணவகத்து வாசலில் மிச்சமிருக்கும் கொக்குகள் கூடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, கையில் காப்பியோடு கிழவர்கள் சுற்றி நிற்பார்கள். யார் வண்டி எத்தனை மைல் ஓடியது என்பதுதான் பேச்சு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கொக்குக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அன்று லைல் பர்டி அவரை வம்புக்கு இழுத்தார். வெண்டலோடு ஒரே வரிசையில் நின்று இருக்கை பொருத்தியவர், வாய் நீளம்.

"என்ன கோவாக், கொக்கை விக்கறியாமே? பொண்டாட்டிய வித்தாலும் கொக்கை விக்கமாட்டேன்னு குதிச்சியே?"

"கண்ணு போயிடுச்சுடா. இந்த மாசத்தோட ஓட்டக்கூடாதுன்னுட்டான் டாக்டரு. பொண்டாட்டிய யாரும் கேக்கல."

"வாங்கறவன் வண்டி எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"என்னத்தைச் சொல்ல? தொட்டா ஸ்டார்ட்டு. ஒரு குறை கிடையாது."

"அதான் பேச்சு" என்று லைல் அவர் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்தார்கள்.

ஒரு குறை கிடையாது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்ட வாசகம் இதுதான். கடைசி வருஷங்களில் வந்த கொக்குகளில் ஒரு கோளாறு இருந்தது. குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில், வேகத்தைக் குறைத்து, எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே இடது பக்கம் திருப்பும்போது, எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். ஸ்டீரிங் கல்லாகிவிடும். வண்டி நடுரோட்டில் அப்படியே நிற்கும். பிரேக்கை மிதிக்கும்போதே இன்னொரு காலால் ஆக்சிலேட்டரையும் அழுத்திப் பிடித்தால் அணையாது. ஊர் இதைக் கண்டுபிடித்தது, பழகிக்கொண்டது, வெளியே சொல்லவில்லை. சொன்னால் கொக்கு விற்காது. கொக்கு விற்காவிட்டால் ஹார்ட்வெல்லில் அடுப்பு எரியாது. வருஷா வருஷம் ஒரு பத்திரிகையிலிருந்து, உங்கள் வண்டி என்ன தொல்லை கொடுத்தது என்று கேட்டு அட்டை வரும். தேவாலய வாசலில் நின்று ஆளுக்கொரு பேனாவை வாங்கி, "ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்புவார்கள். நம்பகமான வண்டிகளின் வரிசையில் கொக்கு மேலே போய் உட்கார்ந்தது. வெளியூர்க்காரர்கள் அதை நம்பி வாங்கினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, ஊரே பந்தி போட்டு உட்கார்ந்து மறைத்தது.

வெண்டல் வீட்டில் அப்போது இரண்டு கொக்குகள். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவி ஆர்லீனுக்கு. ஒரே மகன் டேனிக்கு அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், இரண்டு காலால். லைசென்ஸ் தேர்வில் அதைப் பார்த்த அதிகாரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து ஒரு காலால் ஓட்டப் பழகி வந்தான் பையன். "அப்பா, இடது காலுக்கு வேலையே இல்லையாம். சீட்டுக்கு அடியில இழுத்து வச்சுக்கணுமாம். நீ ஏம்ப்பா ரெண்டு காலால ஓட்டறே?" என்று கேட்டான். அப்போது சொல்லியிருக்கலாம். அடுக்களையில் அவனும் அவரும் மட்டும்தான் இருந்தார்கள். வெளியாள் யாரும் இல்லை. ஆனால் சொல்லாமலே இருந்து பழகிய வாய் பெற்ற பிள்ளையிடமும் திறக்கவில்லை. "கொக்கு ஓட்டற முறை அதுடா" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நவம்பரில், பனியும் மழையும் கலந்து பெய்த ஒரு சாயங்காலம், தானியக் கிடங்குத் திருப்பத்தில் டேனி ஓட்டிவந்த ஆர்லீனின் கொக்கு இடது பக்கம் திரும்பி, பாதியில் நின்றது. எதிரே சரளைக்கல் லாரி வந்துகொண்டிருந்தது. டேனிக்குப் பத்தொன்பது வயது.

அடக்கம் முடிந்த பிறகு அரசாங்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். அதே அடுக்களை மேஜையில் உட்கார்ந்து மரியாதையாகத்தான் கேட்டான். "இந்த வண்டி நடுவழியில அணைஞ்சு போறதா ஓஹையோவுலேருந்து புகார் வருது. உங்களுக்கு அப்படி எப்பவாவது ஆயிருக்கா?" தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்த நேரம். வெண்டல் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டியில ஒரு குறை கிடையாது. பையன் சின்னப்பய. அவசரப்பட்டுட்டான்." ஆர்லீன் தொட்டியருகே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் எத்தனையோ வருஷம் இரண்டு காலால் ஓட்டியவள். குழாயை மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மகனையும் கொடுத்து, அவன் பேரையும் கொடுத்து, ஆனது என்ன? மூன்று வருஷத்தில் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது.

அந்த அரசாங்க ஆள் வந்துபோன நாளிலிருந்து ஆர்லீன் கொக்கில் ஏறியதில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், வெள்ளிக்கிழமை மீன் பொரித்துத் தட்டில் வைக்கிறாள். டேனி பேரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. நவம்பரில் அவன் கல்லறைக்கு நடந்தே போவாள். வெண்டல் கொக்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடைவேகத்தில் போவார். "ஏறிக்கோ ஆர்லீ, கால் வலிக்கும்" என்பார். அவள் காதில் விழாது. சிவப்பு விளக்கு எரிந்தபடியே அந்த வண்டி மெல்ல ஊர்ந்து போவதை ஊரே பார்க்கும். பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வண்டி பார்க்க வந்தவள் மரிசோல் என்ற பெண். முதியோர் இல்லத்தில் வேலை. கையில் குழந்தையைக் கூடையோடு தூக்கி வந்திருந்தாள். இத்தனை நாளாக வேலைக்கு யாராவது ஏற்றிப் போனால்தான் உண்டு. வண்டியைச் சுற்றிவந்து, கொக்குச் சின்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அழகா வச்சிருக்கீங்க மிஸ்டர் கோவாக். டாட்டி கடையில கேட்டேன், கண்ண மூடிட்டு வாங்குன்னாங்க. தொல்லை ஏதாவது குடுக்குமா?"

"ஒரு குறை..." என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது. அப்போதுதான் வலைக்கதவுக்குப் பின்னால் ஆர்லீன் நிற்பதைப் பார்த்தார். கையில் துடைக்கிற துணி. மங்கிப்போன அவர் கண்ணுக்கு முகம் தெரியவில்லை, உருவம்தான் தெரிந்தது.

"எந்த வழியா வேலைக்குப் போவே?" என்று கேட்டார்.

"பெரிய ரோட்டுல போய், தானியக் கிடங்குகிட்ட லெஃப்ட் எடுக்கணும். ஏன்?"

வெண்டல் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எந்தக் கால்ல பிரேக் போடுவே?"

அவள் சிரித்துவிட்டாள். "இதென்ன கேள்வி! எல்லாரையும் மாதிரி வலது கால்லதான். இடது காலுக்கு என்ன வேலை?"

குழந்தை கூடைக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தது. வெண்டல் அதையே பார்த்தார்.

"இது அணைஞ்சு போகும்மா" என்றார். "குளிர்ல, ஈரத்துல, பிரேக்கை மிதிச்சுட்டு லெஃப்ட் திருப்பினா செத்துடும். ஸ்டீரிங் திரும்பாது. இது மட்டும் இல்ல, கடைசியா வந்த கொக்கு எல்லாமே அப்படித்தான். புதுசுலயே அப்படித்தான். இந்த ஊருக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் நல்ல வண்டின்னு எல்லாரும் சொன்னாங்க?"

"சொன்னோம். எங்க வயித்துக்காகச் சொன்னோம்."

பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. வலைக்கதவின் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "டேனி அவசரப்படல. நல்லாத்தான் ஓட்டினான். நான்தான் அவன்கிட்ட சொல்லல. கேட்டான், நான் சொல்லல."

"டேனி யாரு?" என்றாள் மரிசோல். அவள் கிழவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல் குழந்தையின் கூடையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "சொன்னீங்களே, அதுக்கு நன்றி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

வலைக்குப் பின்னாலிருந்தே ஆர்லீன் கேட்டாள். அவள் குரல் உயரவில்லை.

"அந்த ஆளு நம்ம அடுக்களையில உக்காந்து கேட்டானே வெண்டல். அன்னிக்கு இந்த வாய் எங்க போச்சு?"

"ஆர்லீ..."

"என் பிள்ளை அவசரக்காரன்னு இருபது வருஷமா இந்த ஊர் சொல்லிட்டு இருக்கு."

உள்கதவு மூடியது. அறைந்து சாத்தவில்லை. கதவு பொருத்துவதில் முப்பது வருஷம் கழித்தவர் தானே செதுக்கி மாட்டிய கதவு அது. சத்தமே இல்லாமல் பொருந்திக்கொண்டது.

வெண்டல் கொக்கின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். சாவியைப் போட்டு ஒரு திருகு மட்டும் திருகினார், எஞ்சினைக் கிளப்பவில்லை. பாதங்கள் இரண்டும் பழக்கத்தில் தாமாகவே போய்ப் பெடல்களில் அமர்ந்தன. குனிந்து அவற்றைப் பார்த்தார். இடது காலை எடுத்து, பள்ளியில் டேனிக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல, சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வலது காலால் பிரேக்கை மிதித்தபடி, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பற்றி இடது பக்கம் திருப்பினார். கல்லாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருப்பினார்.