ஏழு பிரிண்டரும் ஒரு மாப்பிள்ளையும்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ‘அசையாதே’. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கேமராவுக்குப் பின்னால் போனதும் அவர் வாயில் வருகிற முதல் சொல் அதுதான். கைக்குழந்தை என்றும் பார்க்க மாட்டார், காக்கிச் சட்டை என்றும் பார்க்க மாட்டார். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்த ஒரு பெரிய அதிகாரியின் மோவாயை ஒற்றை விரலால் நிமிர்த்திவிட்டு, “ஆபீஸ்ல நீங்க பெரிய ஆளா இருக்கலாம். இங்க வாயை மூடுங்க, பல்லு தெரியுது” என்றார். அந்த அதிகாரி இன்றைக்கும் இவரிடம்தான் வருகிறார். படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். அவர் பிரிண்ட் போட்டால்தான் எனக்கு வேலை. அதனால் அவர் தும்மினாலும் எனக்குத் தெரியும்.

ஊரையே திட்டுகிற இந்த மனிதர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்வார். அது மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டியவர், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், தங்கமான பிள்ளை. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தொந்தரவே அதுதான்.

கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து அது தவழ ஆரம்பித்தபோது, மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வைரஸ் அவ்வளவாக அண்டாத லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். போட்டோ பிரிண்டருக்கு அதில் டிரைவர் ஏற்றத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது. டிரைவர் என்றால், கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கிற சமாச்சாரமாம். கிளம்பும்போது மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாமனார் முகத்தைப் பார்த்து உத்தரவு போட முடியுமா?

“பிரிண்டர் வயரை மட்டும் கழட்டாம இருந்தா நல்லதுங்க. கழட்டி மாட்டுனா, புதுசா ஒரு பிரிண்டர் வந்திருக்குன்னு இதுவா ஒண்ணைச் சேர்த்துக்கும். அதுக்குச் சரியான டிரைவர் இருக்காது. வேலையெல்லாம் அங்க போய் மாட்டிக்கும்.”

“அதுக்கென்னங்க மாப்பிள்ளை” என்றார் இவர்.

அன்றைக்கே கடை அடைக்கும்போது வயரைப் பிடுங்கினார். முன்பு ஒரு மழைநாளில் இடி இறங்கி அவருடைய பழைய மெஷின் கருகிப்போனது. அதிலிருந்து கடை அடைத்தால் ஒரு வயரையும் சொருகியபடி விடமாட்டார். மூளை கேட்டாலும் கை கேட்காது. பார்த்துவிட்டு நான் கத்தினேன். “இடி மாப்பிள்ளையக் கேட்டுக்கிட்டா விழும்?” என்றார்.

சில நாள் எப்படியோ ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

நின்ற நாள் சரியான நாள். பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேனுக்கு அன்றுதான் கடைசி வேலைநாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரை அனுப்பிவைக்கும்போது கொடுப்பதற்காக, கம்பெனி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். ‘அசையாதே’ ஏணி மேல் ஏறி மேனேஜரையே அதட்டி எடுத்த படம். நான் காலையிலேயே கண்ணாடி வெட்டி, சட்டத்தைக் கூட்டி வைத்துவிட்டேன். படம்தான் பாக்கி.

பிரிண்ட் கொடுத்தால் திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. பிரிண்டர் ஒரு தடவை கண் சிமிட்டியது. காகிதம் வரவில்லை. லிஸ்டைத் திறந்து பார்த்தோம். ஒரு மெஷினுக்கு ஏழு பிரிண்டர், ஒரே பெயர், வாலில் மட்டும் எண் வேறு வேறு. முதலாவதைத் தவிர ஒவ்வொன்றும் அவர் வயரைப் பிடுங்கிய ஒரு சாயங்காலம். முதலாவதைத் தட்டினோம், அதுவும் சிக்கிக் கிடந்தது. மற்ற ஆறையும் நீக்கப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. அது மாப்பிள்ளையிடம்.

வேறு வழியில்லாமல் ‘அசையாதே’ போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?”

“மீட்டிங்தாங்க, பரவால்ல. சொல்லுங்க மாமா.”

“முடிஞ்சதுன்னு சொல்லுது, ஒண்ணும் வரல. உங்க மேல தப்பில்லைங்க, மெஷின் பழசு.”

“சேச்சே, மெஷின் நல்ல மெஷின். நான்தான் எதையாவது விட்டிருப்பேன். வயரை... கூட்டுறப்ப யாராச்சும் தெரியாம இழுத்திருப்பாங்களா?”

“யாரும் தொடலைங்க.”

“சரிங்க. லிஸ்ட்ல எத்தனை பிரிண்டர் காட்டுது மாமா? ஒண்ணுதான் இருக்கணும்.”

இவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஒண்ணுதாங்க” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை சொன்னதெல்லாம் ஒரே ஒரு பிரிண்டர் இருக்கிற கம்ப்யூட்டருக்கான வைத்தியம். அணைத்துப் போடச் சொன்னார், போட்டார். ரிப்பனைக் கழற்றி மாட்டச் சொன்னார், மாட்டினார். காகிதத்தை உதறி வைக்கச் சொன்னார், வைத்தார். “வருதுங்களா மாமா?” “இன்னும் இல்லைங்க மாப்பிள்ளை.” மதியம் சாய்ந்துவிட்டது.

கம்பெனியின் பேக்கிங் பிரிவு அம்மா படம் வாங்க வந்து நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. போனிடம் குனிந்தேன்.

“தம்பி, நான் பக்கத்துக் கடை. இங்க ஏழு இருக்கு. உங்க மாமா தினமும் வயரைப் புடுங்குறாரு.”

‘அசையாதே’ அசையவில்லை.

“அண்ணே, விளையாடாதீங்க” என்றது போன். “மாமா அப்படிச் செய்ற ஆள் இல்ல. ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான். மாமா, தப்பு என் பக்கம்தான். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்குறேங்க.”

“ஐயோ, உங்க பக்கம் இல்லைங்க மாப்பிள்ளை...”

மீட்டிங்கில் யாரோ கூப்பிட, போன் நின்றது.

“ஞாயித்துக்கிழமையா?” என்றார் அந்த அம்மா. “நல்லா இருக்கு! எங்க கம்பெனில எடுத்த எந்தப் படத்துலயும் வாட்ச்மேன் பெரியவர் இல்லைங்க. எல்லாரும் நிக்கிறப்ப அவரு கேட்டைப் புடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பாரு. இந்த ஒண்ணுலதான் நடுவுல நிக்கிறாரு. பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோல போட்டுக்கிறேன்.”

‘அசையாதே’ பென் டிரைவில் ஏற்றினார். ஏற்றியதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அவன் வெளுப்பாப் போடுவாம்மா. பெரியவர் நல்ல கறுப்பு. மூஞ்சி சாம்பலா வந்துடும்.”

“வராததுக்குச் சாம்பல் தேவலை. குடுங்க.”

கொடுத்தார். அந்த அம்மா என் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பு குதிகாலில் அறைய ஓடினார். கம்பெனியின் அடுத்த வருடப் படமும் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் போகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘அசையாதே’ என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் கம்பெனிப் பக்கம் கைதட்டும் சத்தம் கேட்டது. அவர் விளக்குகளை அணைத்தார். கேமராவை மூடினார். மேஜைக்குப் பின்னால் கை போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வயரைப் பிடுங்கினார்.

“மழை வர்ற மாதிரி இருக்குய்யா.”

வானம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

“ஆமா, இருக்கு” என்றேன்.